சிபிடி (பித்தக்குழாய்) கல்லுன்னு சந்தேகம்: யாரை நேரா இஆர்சிபிக்கு அனுப்பறது, யாருக்கு எம்ஆர்சிபி?

கொடிவேரி:

வணக்கமுங்க. கோபி பக்கம் ஐம்பது பெட் ஆஸ்பத்திரில டூட்டி டாக்டர். அல்ட்ராசவுண்டும் சிடியும் இங்கயே உண்டு. எம்ஆர்ஐ (எம்ஆர்சிபிங்கறது அதுல எடுக்கற பித்தக்குழாய்ப் படம்), இஆர்சிபி (வாய் வழியா ஸ்கோப் விட்டுப் பித்தக்குழாய் அடைப்பை எடுக்கறது) ரெண்டும் இல்லை. இப்ப வார்டுல ஒட்டுக்கா மூணு பேர் "பித்தக்குழாய்ல கல்லு இருக்கலாம்"ங்கற சந்தேகத்துல படுத்திருக்காங்க.

முதல் பெட்: 62 வயசு அம்மா, சக்கரை உண்டு. மூணு வருசத்துக்கு முன்னால இதயத்துல ஸ்டென்ட் வெச்சது. ரத்தம் உறையாம இருக்கற மாத்திரை ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல் ரெண்டும் இன்னிக்குக் காலைல வரைக்கும் சாப்பிட்டிருக்காங்க. ரெண்டு நாளா நெஞ்சுக்குழில வலி, நேத்து பொழுதோட தூக்கிப்போடற குளுரு. காய்ச்சல் 38.2 செல்சியஸ், பல்ஸ் 108, பிபி 104/66. பிலிருபின் (மஞ்சள் அளவு) 3.2 (டைரக்ட் 2.4), ஏஎல்டி (கல்லீரல் என்சைம்) 410, ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் 290, வெள்ளையணு 13,800, ஆல்புமின் 3.1, கிரியாட்டினின் 1.4, ஐஎன்ஆர் (ரத்தம் உறையற அளவு) 1.4, பிளேட்லெட் 1.6 லட்சம். ஸ்கேன்ல பித்தப்பை நிறைய கல்லு, சிபிடி 9 மி.மீ., "கீழ்ப்பகுதி குடல் கேஸால தெரியவில்லை".

ரெண்டாவது: 34 வயசு பொண்ணு, பித்தப்பைல கல்லு. முந்தாநேத்து வலியோட வந்தப்ப பிலிருபின் 1.9, ஏஎல்டி 380. இன்னிக்கு வலி இல்லை, பிலிருபின் 1.1, ஏஎல்டி 160. சிபிடி 5 மி.மீ., லிபேஸ் (கணைய என்சைம்) நார்மல்.

மூணாவது: 58 வயசு ஆள், பித்தப்பை எடுத்து நாலு வருசம். மந்தமா வலி. எல்எஃப்டி (கல்லீரல் ரத்த டெஸ்ட்) மூணு தடவை எடுத்தும் நார்மல், சிபிடி 8.5 மி.மீ.

இங்க வழக்கம் என்னன்னா மூணு பேருக்கும் "எம்ஆர்சிபி எடுத்துட்டு வாங்க"ன்னு சீட்டு எழுதறது. ஈரோட்டுல நாளான்னைக்குத்தான் டைம் கிடைக்குது. முதல் அம்மாவுக்கு செஃப்ட்ரையாக்சோன் ஆரம்பிச்சாச்சு. காய்ச்சல் இறங்கினா எம்ஆர்சிபி வரைக்கும் வெச்சுப் பாக்கலாமுங்களா? க்ளோபிடோக்ரெலுக்கு என்ன பண்றது?


நொய்யல்கரை (குடல் மருத்துவம், கோயம்புத்தூர்):

தம்பி, முதல் அம்மாவுக்கு எம்ஆர்சிபி வேண்டாம். இன்னிக்கே இஆர்சிபி இருக்கற இடத்துக்கு அனுப்புங்க. அங்க கல்லு இருக்குதாங்கறதை விட, அடைபட்ட குழாய்ல சீழ் அழுத்தத்துல நிக்குதாங்கறதுதான் முதல் கேள்வி. குளுரு, வெள்ளையணு, பிலிருபின், விரிஞ்ச குழாய் எல்லாம் சேர்ந்து அதுக்குப் பதில் சொல்லியாச்சு.

டோக்கியோ 2018 வழிகாட்டில பாருங்க. அழற்சி (காய்ச்சல், குளுரு, வெள்ளையணு 10,000க்கு மேல, இல்லை 4,000க்குக் கீழ, சிஆர்பி), பித்தத்தேக்கம் (பிலிருபின் 2க்கு மேல, இல்லை என்சைம்கள் நார்மல் மேல்வரம்புக்கு ஒண்ணரை மடங்கு), படம் (விரிஞ்ச குழாய், இல்லை கல்லோ அடைப்போ கண்ணுல படறது). மூணுலயும் ஒண்ணொண்ணு இருந்தா உறுதியான கோலாஞ்சைட்டிஸ் (பித்தக்குழாய்ல கிருமித் தொற்று). இந்த அம்மாவுக்கு மூணும் நிறைவு. அமெரிக்க எண்டோஸ்கோபி சங்கம் 2019ல போட்ட அளவுகோல்ல நேரா இஆர்சிபிக்குப் போறவங்க மூணே வகை: படத்துல குழாய்க்குள்ள கல்லு தெரியறவங்க, கோலாஞ்சைட்டிஸ் உள்ளவங்க, பிலிருபின் 4க்கு மேல போய் சிபிடியும் விரிஞ்சிருக்கறவங்க. விரிஞ்சதுன்னா பித்தப்பை இருக்கறவங்களுக்கு 6 மி.மீ.க்கு மேல, எடுத்தவங்களுக்கு 8க்கு மேல. எல்எஃப்டி கெட்டிருக்கறது, 55க்கு மேல வயசு, விரிஞ்ச குழாய், இதுல ஒண்ணோ ரெண்டோ மட்டும் இருந்தா நடு வகை. எம்ஆர்சிபியும் எண்டோஸ்கோபிக் அல்ட்ராசவுண்டும் (ஸ்கோப் முனைல இருந்து பாக்கற ஸ்கேன்) அவங்களுக்குத்தான். எதுவுமே இல்லைன்னா நேரா பித்தப்பை ஆபரேசன்.

பிலிருபின் 4ங்கற கோட்டைக் கண்ணை மூடிட்டுப் புடிக்காதீங்க. நீலகிரி, கூடலூர்ப் பக்கத்துப் பழங்குடி மக்கள்ல சிக்கிள் செல் உண்டு. ரத்தம் உடையறவங்களுக்கு இன்டைரக்ட் பிலிருபின் எப்பவுமே ஏறித்தான் இருக்கும், பித்தப்பைல நிறமிக் கல்லும் இருக்கும். டைரக்ட் எவ்வளவுன்னு பாக்காம மொத்தத்தை வெச்சு இஆர்சிபிக்கு அனுப்பினா வெறும் குழாயைத்தான் துழாவிட்டு வரணும்.

க்ளோபிடோக்ரெலைப் பத்தி. ஆஸ்பிரினை நிறுத்தாதீங்க. க்ளோபிடோக்ரெல் உள்ள இருக்கும்போது ஸ்பிங்க்டரை (குழாய் வாய்ல இருக்கற வளையத் தசை) வெட்டினா ரத்தம் நிக்காது. அதுக்காக அஞ்சு ஏழு நாள் காத்திருக்கவும் முடியாது. அதனால இன்னிக்கு வெட்டாம 7 இல்லை 10 ஃபிரெஞ்ச் பிளாஸ்டிக் ஸ்டென்ட் ஒண்ணை மட்டும் வெச்சுச் சீழை வடிச்சுட்டு வந்துருவாங்க. இதய டாக்டர் சம்மதத்தோட க்ளோபிடோக்ரெலை நிறுத்தி, அப்புறம் ரெண்டாவது தடவை போய் வெட்டிக் கல்லை எடுக்கறது. இதய ஸ்டென்ட் வெச்சு மூணு வருசம் ஆனதால பெரும்பாலும் ஒத்துக்குவாங்க, ஆனா முடிவு அவங்களது. மாத்திரையைக் கடைசியா எப்ப சாப்பிட்டாங்கன்னு மணியோட எழுதுங்க. ரெஃபரல்ல எப்பவும் விட்டுப்போறது அதுதான்.

ரெண்டாவது பொண்ணுக்கு எந்தக் காரணத்துக்கும் நேரா இஆர்சிபி வேண்டாம். இளவயசுப் பொண்ணு, விரியாத குழாய், நார்மலுக்கு வந்துட்டிருக்கற பிலிருபின். இஆர்சிபிக்கு அப்புறம் கணையம் வீங்கற ஆபத்து அதிகமா இருக்கறது இந்தக் கூட்டுக்குத்தான். நடு வகை. கல்லு இறங்கிப் போயிருக்கலாம், ஆனாலும் உறுதி பண்ணணும்.

மூணாவது ஆளுக்கு அவசரம் எதுவும் இல்லை. பித்தப்பை எடுத்தவங்களுக்குக் குழாய் 10 வரைக்கும் விரிஞ்சு நார்மலா இருக்கறது உண்டு. வலி இருக்கற நேரத்துலயே ரத்தம் எடுத்து எல்எஃப்டி பாருங்க, வலி போனப்புறம் எடுத்து "நார்மல்"னு எழுதினா ஒண்ணும் தெரியாது. சந்தேகம் தொடர்ந்தா எண்டோஸ்கோபிக் அல்ட்ராசவுண்ட். "ஸ்பிங்க்டர் இறுக்கமா இருக்கும், வெட்டிப் பாப்போம்"னு யாராச்சும் சொன்னா, 2014ல வந்த எபிசோட் ஆய்வைக் காட்டுங்க. எல்எஃப்டியும் குழாயும் நார்மலா இருந்து வலி மட்டும் இருந்தவங்களுக்கு, வெட்டினதும் வெட்டற மாதிரிப் பாவனை பண்ணினதும் ஒரே பலன்தான் கொடுத்தது.


ஸ்கேன்ரூம்:

"கீழ்ப்பகுதி கேஸால தெரியவில்லை"ங்கறதை எழுதற ஆள் நானுங்க, அதனால எங்க பக்கத்தையும் சொல்றேன். அல்ட்ராசவுண்ட்ல கல்லு தெரியலைன்னா இல்லைன்னு அர்த்தமில்லை. 2015ல வந்த காக்ரேன் தொகுப்புல (பல ஆய்வுகளைச் சேர்த்துப் பாக்கறது) அல்ட்ராசவுண்ட் சிபிடி கல்லை 73 சதவீதம்தான் புடிச்சுது. அதாவது நாலுல ஒண்ணை விட்டுடும். எம்ஆர்சிபி 93, எண்டோஸ்கோபிக் அல்ட்ராசவுண்ட் 95.

கேஸ் மறைச்சா அதோட விட்டுறக் கூடாது. உக்கார வெச்சு 300, 400 மி.லி. தண்ணி குடிக்கச் சொல்லி, பத்து நிமிசம் கழிச்சு வலது பக்கம் கொஞ்சம் திருப்பிப் படுக்க வெச்சா டியோடினம் (சிறுகுடலோட முதல் பகுதி) தண்ணியால நிறைஞ்சு, கணையத்தலைக்குள்ள இருக்கற குழாய் தெரிய வரும். புரோபைக் கொஞ்சம் அமுக்கிக் கேஸை நகர்த்தணும். வாந்தி எடுக்கறவங்களுக்கும், இன்னிக்கே இஆர்சிபிக்கு வெறும் வயித்துல போறவங்களுக்கும் இது ஆகாது, முதல் அம்மாவுக்குப் பண்ணிடாதீங்க. அப்புறம் "சிபிடி 9 மி.மீ."ன்னா எங்க அளந்தது? கல்லீரல் வாசல் பக்கத்துல உள்சுவருக்கு உள்சுவர் அளந்ததா, கீழயா? ஒரே ஆளுக்கு ரெண்டு இடத்துல ரெண்டு எண் வரும். ரிப்போர்ட்ல எழுதலைன்னா போன் போட்டுக் கேளுங்க.

எம்ஆர்சிபிக்கு அனுப்பறப்ப நாலு மணிநேரமாவது வெறும் வயிறு. இல்லைன்னா வயித்துத் தண்ணி வெள்ளையாத் தெரிஞ்சு குழாய் மேல ஏறி உக்காந்துக்கும். அன்னாசிப்பழ ஜூஸ் ஒரு டம்ளர், 200 மி.லி. போல, எடுக்கறதுக்குக் கால் மணிநேரம் முன்னால குடிக்க வெப்போம். அதுல இருக்கற மாங்கனீஸ் வயித்துத் தண்ணியைக் கருப்பாக்கிடும், குழாய் மட்டும் பளிச்சுனு நிக்கும். சக்கரை உள்ளவங்களுக்கு முன்னாலயே சொல்லிடுங்க. இதய ஸ்டென்ட் தடையில்லை. பேஸ்மேக்கர் இருந்தா எந்த மாடல்னு கார்டோட வரணும்.

படத்தைப் பாக்கறப்ப முப்பரிமாணமாச் சேர்த்த அந்த அழகான படத்தை மட்டும் பாத்து முடிவு சொல்லாதீங்க. 3 மி.மீ. கல்லு அதுல வெள்ளைக்குள்ள முழுகிப்போகும். மெல்லிசா வெட்டின மூலப் படங்களை ஒண்ணொண்ணா ஓட்டணும். குறுக்குவெட்டுப் படத்துல கருப்புப் புள்ளி குழாயோட அடில, முதுகுப்பக்கமா உக்காந்திருந்தா கல்லு. மேல, வயித்துப்பக்கமா மிதந்தா காத்து. நட்ட நடுவுல நின்னா பித்தம் ஓடறதால வர்ற நிழலா இருக்கலாம். முன்னாலயே இஆர்சிபி ஆனவங்க, குழாயைக் குடலோட இணைச்சவங்க எல்லாருக்கும் காத்து உண்டு. "ஃபில்லிங் டிஃபெக்ட்"னு ரிப்போர்ட் வந்த பாதிப் பஞ்சாயத்து இந்தக் காத்துதான்.


கொடிவேரி:

ரொம்ப நன்றிங்க. கடைசி மூணு மணிநேரத்துல அம்மாவுக்குக் காய்ச்சல் 37.4க்கு வந்துடுச்சு, வலியும் கம்மி. வீட்டுல "மஞ்சக்காமாலைக்குக் கீழாநெல்லி குடுத்துக்கறோம், ரெண்டு நாள் பாத்துட்டுப் போலாமுங்க"ங்கறாங்க. டோக்கியோ அளவுல போட்டுப் பாத்தா கிரேடு ஒண்ணுதான் (லேசானது) வருது. அப்ப அவசரம் இல்லைன்னு எடுத்துக்கலாமா?


மருதமலை (மயக்க மருந்து, ஐசியூ):

கிரேடு ஒண்ணுங்கறது நீங்க கணக்குப் போட்ட நிமிசத்தோட நிலை. ஆறு மணிநேரத்துக்கு ஒருக்கா திருப்பிப் போடுங்க. கிரேடு ரெண்டுக்கு அஞ்சுல ரெண்டு வேணும்: வெள்ளையணு 12,000க்கு மேல, இல்லை 4,000க்குக் கீழ, காய்ச்சல் 39 தொடறது, வயசு 75, பிலிருபின் 5, ஆல்புமின் நார்மல் கீழ்வரம்புல 70 சதவீதத்துக்கும் கம்மி. அம்மாவுக்கு இப்ப ஒண்ணு இருக்குது, வெள்ளையணு. நாளைக்குப் பிலிருபின் 5 ஆனா ரெண்டாயிடும். கிரேடு மூணுக்கு ஏதாவது ஒரு உறுப்பு தள்ளாடினாப் போதும்: நார்அட்ரினலின் தேவைப்படறது, புத்தி தடுமாறறது, மூச்சு, கிரியாட்டினின் 2க்கு மேல, ஐஎன்ஆர் 1.5க்கு மேல, பிளேட்லெட் ஒரு லட்சத்துக்குக் கீழ. இந்த அம்மா ஐஎன்ஆர் 1.4ல நிக்கறாங்க. அதாவது வாசப்படில.

காய்ச்சல் இறங்கினது பாராசிட்டமாலாலயா, ஆன்டிபயாட்டிக்காலயான்னு முதல்ல பாருங்க. குழாய்ல அழுத்தம் சுமார் 25 செ.மீ. தண்ணி அளவைத் தாண்டினா கிருமி பித்தத்துல இருந்து நேரா ரத்தத்துக்குள்ள தள்ளப்படும், அதுதான் அந்தக் குளுரு. அதே அழுத்தத்தால மருந்தும் பித்தத்துக்குள்ள சரியாப் போகாது. ரத்தத்துல கிருமி அடங்கினா காய்ச்சல் இறங்கும், குழாய்க்குள்ள சீழ் அப்படியே நிக்கும். லேசானதுன்னாலும் கோலாஞ்சைட்டிஸ்னா 48 மணிநேரத்துக்குள்ள வடிக்கணும்னுதான் 2021ல அமெரிக்க சங்கம் சொன்னது. பிபி விழுந்து ஷாக்னா ஐரோப்பிய சங்கம் 12 மணிநேரம்ங்குது. 62 வயசு, சக்கரை, பல்ஸ் 108ன்னா இன்னிக்கு ராத்திரிக்குள்ள வண்டி ஏத்தறதுதான் புத்தி. 108 ஆம்புலன்ஸ்லயே அனுப்பலாம். கீழாநெல்லியைப் பத்தி வீட்டுக்காரங்ககிட்டச் சண்டை போடாதீங்க. "குழாய்க்குள்ள கல்லு அடைச்சிருக்குது, மருந்து எதைக் குடிச்சாலும் அடைப்பு நகராது"ன்னு படம் வரைஞ்சு காட்டுங்க, அது போதும்.

அனுப்பறதுக்கு முன்னால பண்ண வேண்டியது. ரத்தக் கல்ச்சர் ரெண்டு செட், ரெண்டு கைல இருந்து, பாட்டிலுக்கு 8லிருந்து 10 மி.லி. ஆன்டிபயாட்டிக் முதல் டோஸ் போயாச்சுன்னாலும் எடுங்க, எத்தனை மணிக்குப் போச்சுன்னு லேபிள்ல எழுதுங்க. செஃப்ட்ரையாக்சோன் நம்மூரு கிருமிக்குப் பல தடவை போதறதில்லை, இஎஸ்பிஎல் (இந்த மருந்தை உடைக்கற கிருமி என்சைம்) நிறைய. எங்க வழக்கம் பைபராசிலின்-டாசோபேக்டம் 4.5 கிராம், கிரியாட்டினின் பாத்து ஆறு இல்லை எட்டு மணிநேரத்துக்கு ஒருக்கா. கையிருப்புல செஃபோபெராசோன்-சல்பேக்டம் மட்டும் இருந்தாப் போடுங்க, ஆனா அது ஐஎன்ஆரை ஏத்தும், வைட்டமின் கே கூடவே போகணும். 10 மி.கி. வைட்டமின் கேயை 50 மி.லி. சலைன்ல கலந்து அரை மணிநேரம் மெதுவா விடுங்க. தள்ளிவிட்டா அனாபிலாக்சிஸ் வரலாம். அடைப்பால வந்த ஐஎன்ஆர் ஏற்றம் ஆறிலிருந்து பன்னண்டு மணிநேரத்துல இறங்கணும். இறங்கலைன்னா அது கல்லீரல் பேச்சு, செப்சிஸ் பேச்சு.

இன்னொண்ணு, வார்டுல தினமும் நடக்கற தப்பு: செஃப்ட்ரையாக்சோன் போன லைன்லயே ரிங்கர் லாக்டேட் ஓட விடறது. ரிங்கர் லாக்டேட்ல கால்சியம் இருக்குது, ரெண்டும் சேர்ந்தா படியும். நடுவுல சலைன்ல லைனை நல்லாக் கழுவுங்க, இல்லைன்னா வேற லைன்.

பிபி விழுந்தாலோ ரத்தத்துல லாக்டேட் 4 தொட்டாலோ கிலோவுக்கு 30 மி.லி. முதல் மூணு மணிநேரத்துல. இதய ஆள்ங்கறதால 250 மி.லி.யா விட்டு நெஞ்சைக் கேட்டுக் கேட்டுப் போங்க. சராசரி பிபி 65 வரலைன்னா நார்அட்ரினலின் ஆரம்பிச்சுட்டே அனுப்புங்க, "பிபி சரியானப்புறம் வடிக்கலாம்"ங்கறது தலைகீழ் கணக்கு. வடிச்சாத்தான் பிபி நிக்கும். யூரின் டியூப் போட்டு மணிக்கு எவ்வளவுன்னு எழுதுங்க. வலிக்கு டைக்லோஃபினாக் வேண்டாம், கிரியாட்டினின் ஏற்கெனவே 1.4. பாராசிட்டமால், தேவைன்னா டிரமடால். மெட்ஃபார்மினை நிறுத்துங்க. கெட்டி உணவு 6 மணிநேரம், தண்ணி 2 மணிநேரம் முன்னால நிறுத்தினாத்தான் அங்க போனதும் மேசைல ஏத்த முடியும்.


கொடிவேரி:

சரிங்க, அனுப்பறேன். வீட்டுல ஒத்துக்கிட்டாங்க. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்குது. இஆர்சிபி பண்றப்பவும் அப்புறமும் நாங்க எதுல கண்ணு வெக்கணும்? திரும்ப இங்கதான் வருவாங்க.


நொய்யல்கரை:

அட்டை இருந்தா வண்டி கிளம்பறதுக்கு முன்னாலயே அந்த ஆஸ்பத்திரி காப்பீட்டு டெஸ்க்குக்குப் போன் போட்டு இஆர்சிபிக்கு அனுமதி வாங்க முடியுமான்னு கேட்டுருங்க. ரெண்டு தடவை இஆர்சிபி வரும்னும் சொல்லுங்க.

அங்க என்ன நடக்கும்னா: பக்கவாட்டுப் பார்வை ஸ்கோப், 0.035 அங்குல கைடுவயர், பாப்பில்லா (பித்தக்குழாய் குடல்ல திறக்கற வாய்) வழியா உள்ள. கான்ட்ராஸ்ட் அடிக்கறதுக்கு முன்னால பித்தத்தை உறிஞ்சிக் கல்ச்சருக்கு அனுப்பணும். சீழ் இருக்கற குழாய்ல கான்ட்ராஸ்டை நிறைச்சு அழகான படம் எடுக்க ஆசைப்பட்டா அழுத்தம் ஏறி அப்பவே ஷாக்ல போகும். கொஞ்சம் உறிஞ்சு, கொஞ்சம் அடி, ஸ்டென்ட் போடு, வெளிய வா. அவ்வளவுதான் முதல் நாள் வேலை.

ரெண்டாவது தடவை வெட்டி, பலூன்ல இழுத்துக் கல்லை எடுப்பாங்க, பெருசா இருந்தா டார்மியா கூடை. 15 மி.மீ.க்கு மேல போனா வெட்டினப்புறம் பெரிய பலூன் வெச்சு விரிக்கறது. பலூன் அகலம் குழாயோட கீழ்ப்பகுதி அகலத்தைத் தாண்டக் கூடாது, தாண்டினா கிழியும். கூடைல மாட்டின கல்லு வெளிய வரலைன்னா கூடையும் சேர்ந்து மாட்டிக்கும், அதனால கல்லு உடைக்கற மெக்கானிக்கல் லித்தோட்ரிப்டர் கைல இல்லாம பெரிய கல்லுல கூடை விடறது வம்பு.

கணைய வீக்கத்தைத் தடுக்க இண்டோமெத்தசின் இல்லை டைக்லோஃபினாக் 100 மி.கி. ஆசனவாய் வழியா, ஆரம்பிக்கறதுக்குச் சித்த முன்னால. இந்த அம்மாவுக்குக் கிரியாட்டினின் ஏறிட்டே போனா அதைத் தவிர்ப்பாங்க. ரிங்கர் லாக்டேட் கணக்கா விடறதும் உண்டு: நடக்கறப்ப கிலோவுக்கு மணிக்கு 3 மி.லி., முடிஞ்சதும் கிலோவுக்கு 20, அப்புறம் எட்டு மணிநேரம் மணிக்கு 3. இதயம் தாங்குமான்னு எக்கோ பாத்துட்டு.

உங்ககிட்டத் திரும்பி வந்தா: புதுசா வயித்து வலி, முதுகுக்குப் போறது, வாந்தி. லிபேஸ் பாருங்க. மூணு மடங்குக்கு மேல ஏறி வலியும் இருந்தாத்தான் கணைய வீக்கம், வலி இல்லாம எண் மட்டும் ஏறினா பயப்பட வேண்டாம். வலியோட பல்ஸ் ஏறி, கழுத்துல தோலுக்கடில நறநறன்னு காத்து தட்டுப்பட்டா குடல் ஓட்டை. எக்ஸ்ரேல தெரியலைன்னு விடாம சிடி எடுங்க, டியோடினத்துக்குப் பின்னால இருக்கற காத்து நின்னு எடுக்கற எக்ஸ்ரேல ஏமாத்தும். கருப்பு மலம் ரெண்டு வாரம் வரைக்கும் வரலாம், க்ளோபிடோக்ரெல் திரும்ப ஆரம்பிச்சவங்களுக்குக் குறிப்பா. வடிச்சப்புறம் ஆன்டிபயாட்டிக் 4லிருந்து 7 நாள் போதும், எண்டரோகாக்கஸ் மாதிரிக் கிராம் பாசிட்டிவ் கிருமி ரத்தத்துல வளர்ந்தா ரெண்டு வாரம்.


சென்னிமலை (லேப்ரோஸ்கோபிக் சர்ஜரி):

ரெண்டாவது பெட்டுக்கு எம்ஆர்சிபிதான் ஒரே வழிங்கற மாதிரிப் பேச்சு போகுது. அதுல எனக்குச் சம்மதமில்லை. ஏஎல்டி பாதிக்கும் கீழ விழுந்துட்டுது, குழாய் 5 மி.மீ. எப்படியும் பித்தப்பையை எடுக்கத்தான் போறோம். அதே ஆபரேசன்ல கோலாஞ்சியோகிராம் (குழாய்க்குள்ள கான்ட்ராஸ்ட் விட்டு எடுக்கற எக்ஸ்ரே) எடுத்துட்டாப் போதாதா? நாளான்னைக்கு எம்ஆர்ஐ, அதுக்கப்புறம் ரிப்போர்ட், அதுக்கப்புறம் தேதி. அதுக்குள்ள அடுத்த கல்லு இறங்கும். சி-ஆர்ம் (தியேட்டர் எக்ஸ்ரே மெசின்) இல்லாத தியேட்டர்னா மட்டும் முன்னாலயே எம்ஆர்சிபி எடுங்க.

எடுக்கற விதம்: கான்ட்ராஸ்டும் சலைனும் பாதிக்குப் பாதி, 20 மி.லி. சிரிஞ்சு. சிரிஞ்சுலயும் டியூப்லயும் ஒரு குமிழ் இல்லாமத் தட்டி எடுக்கணும், குமிழ் படத்துல அப்படியே கல்லு மாதிரி வட்டமா நிக்கும். முதல் 3, 4 மி.லி. மெதுவா விட்டு அப்பவே படம். நிறைச்சுட்டா சின்னக் கல்லு கருப்புக்குள்ள மறைஞ்சுடும். வலது, இடது ரெண்டு கல்லீரல் குழாயும் தெரியணும், கீழ கூம்பிட்டு டியோடினத்துக்குள்ள போகணும். போகலைன்னா உடனே கல்லுன்னு சொல்லிடாதீங்க, ஸ்பிங்க்டர் இறுகியிருக்கலாம். குளுக்ககான் 1 மி.கி. நரம்புல போட்டு, 20 மி.லி. சலைனை ரெண்டு தடவை வேகமா விட்டுட்டுத் திரும்பப் பாருங்க. 2, 3 மி.மீ. துகள்னா அதுலயே அடிச்சுட்டுப் போயிடும். சிஸ்டிக் குழாய் (பித்தப்பையை சிபிடியோட இணைக்கறது) வழியாவே எடுக்கற அளவுக் கல்லுன்னா எடுத்துடலாம். 5 மி.மீ. குழாயை மட்டும் நேரா வெட்டித் திறக்காதீங்க. 8, 10 இல்லாத குழாயைத் தைச்சா அப்புறம் சுருங்கும், அந்தப் பொண்ணு ஆயுசுக்கும் அனுபவிக்கணும்.

ஆபரேசனுக்கு முன்னால கர்ப்ப டெஸ்ட் பாத்துட்டீங்களான்னு கேட்டுக்கறேன். 34 வயசு.

முதல் அம்மாவுக்குக் கல்லு எடுத்தப்புறம் பித்தப்பையை ரெண்டு வாரத்துக்குள்ள எடுக்கணும். "கல்லு போயிடுச்சே"ன்னு வீட்டுக்குப் போனா ஆறு மாசத்துல திரும்ப இதே பெட். பித்தக் கல்லால லேசா கணையம் வீங்கி வந்தவங்களுக்கும் அதே அட்மிசன்லதான். 2015ல நெதர்லாந்துல நடந்த பொஞ்சோ ஆய்வுல அதே அட்மிசன்ல எடுத்தவங்கள்ல 5 சதவீதத்துக்கும், மூணு நாலு வாரம் தள்ளிப் போட்டவங்கள்ல 17 சதவீதத்துக்கும் கல்லால திரும்பத் தொந்தரவு வந்தது. கோலாஞ்சைட்டிஸ் இல்லாத கணைய வீக்கத்துக்கு, அது கடுமையா இருந்தாலும், அவசர இஆர்சிபி பலன் தராதுன்னு அதே நாட்டுல 2020ல இன்னொரு ஆய்வு சொல்லிடுச்சு. அதையும் இதையும் குழப்பிக்காதீங்க.


மருதமலை:

இதெல்லாம் கல்லுன்னு நினைச்சுப் பேசறோம். வாய்க்கால் பாசன நெல்லு வயக்காட்டுல இருந்து வர்றவங்களுக்குக் காய்ச்சலும் மஞ்சளும் ஒட்டுக்கா வந்தா லெப்டோவையும் (எலிக்காய்ச்சல்) ஸ்க்ரப் டைஃபஸையும் (உண்ணிக்காய்ச்சல்) ஒதுக்கிட்டு அப்புறம் குழாய்க்குப் போங்க. லெப்டோல பிலிருபின் வானத்துக்குப் போகும், ஏஎல்டி அவ்வளவா ஏறாது, கெண்டைக்கால் அமுக்கினாக் கத்துவாங்க, கிரியாட்டினினும் சிபிகேயும் (தசை என்சைம்) ஏறும். ஸ்க்ரப்ல பிளேட்லெட் விழும், அக்குள், இடுப்பு மடிப்புல கருப்பு வடு தேடுங்க. கல்லு அடைச்சா முதல் நாள்ல ஏஎல்டி 500, 1,000 வரைக்கும் போய் ரெண்டு மூணு நாள்ல மளமளன்னு விழும், பிலிருபினும் பாஸ்பட்டேஸும் பின்னால ஏறும். அந்த முதல் நாள் எண்ணைப் பாத்து "வைரல் ஹெப்படைட்டிஸ்"னு எழுதி வீட்டுக்கு அனுப்பறதும் நடக்குது. ஹெப்படைட்டிஸ் அப்படி ரெண்டு மூணு நாள்ல இறங்காது.

வலியே இல்லாம மஞ்சள் தினம் ஏறிட்டு, பித்தப்பை கைக்குத் தட்டுப்பட்டா, ஸ்கேன்ல கல்லு இருந்தாலும் கணையத்தலைக்கு சிடி. ஸ்டென்ட் போடறதுக்கு முன்னால சிடி. போட்டப்புறம் எடுத்தா கட்டியோட ஓரம் தெளிவாத் தெரியாது.


ஸ்கேன்ரூம்:

நீங்க எம்ஆர்சிபிக்கு எழுதற சீட்டுல "சிபிடி கல்லா?"ன்னு மட்டும் எழுதாம, இன்னிக்குப் பிலிருபின், முந்தாநேத்துப் பிலிருபின், பித்தப்பை இருக்கா எடுத்தாச்சா, முன்னால இஆர்சிபி ஆச்சா, இந்த நாலையும் எழுதுங்க. படம் எடுக்கற நாள்ல எல்எஃப்டி நார்மலுக்கு வந்திருந்தா அதையும். வேற கேள்வியோட படத்தைப் பாப்போம்.


கொடிவேரி:

கர்ப்ப டெஸ்ட் நெகட்டிவ்ங்க. வண்டி கிளம்பிடுச்சு. கல்ச்சர் ரெண்டு செட், க்ளோபிடோக்ரெல் கடைசி டோஸ் காலைல 7.30ன்னு எழுதிட்டேன். பைபராசிலின் முதல் டோஸ் போயாச்சு, வைட்டமின் கே ஓடிட்டிருக்குது. ஸ்டென்டோட திரும்பி வந்தா எவ்வளவு நாள் விடலாமுங்க?


நொய்யல்கரை:

அதிகபட்சம் மூணு மாசம். இந்த அம்மாவுக்கு அவ்வளவு வேண்டாம், க்ளோபிடோக்ரெல் நிறுத்தி ஒரு வாரத்துல கல்லெடுக்க அழைச்சுட்டுப் போங்க. பிளாஸ்டிக் ஸ்டென்ட் உள்ளுக்குள்ள சகதி படிஞ்சு அடைச்சுக்கும், அதைச் சுத்தியே புதுக் கல்லு வளரும், மஞ்சளும் குளுரும் முன்னைவிட மோசமாத் திரும்பும். டிஸ்சார்ஜ் சம்மரில "சிபிடி ஸ்டென்ட் உள்ள இருக்கிறது, எடுக்க வேண்டிய தேதி"ன்னு முதல் வரில தமிழ்ல எழுதுங்க. மருந்துச் சீட்டுக்குப் பின்னாலயும் எழுதி, வீட்டுல ரெண்டு பேரோட போன் நம்பரை உங்க ஸ்டென்ட் நோட்டுல ஏத்திக்கங்க. வலி போனா அது உள்ள இருக்கறதே யாருக்கும் நினைப்பிருக்காது. ஸ்டென்ட் வெச்சு 48 மணிநேரம் கழிச்சு பிலிருபின் பாருங்க. இறங்கலைன்னா ஸ்டென்ட் நகர்ந்திருக்குது இல்லை அடைச்சிருக்குது, திரும்பக் கூப்பிடுங்க.